கார் பெயிண்டைக் காக்கும் ஃபிலிமும் கோட்டிங்கும்: தேர்வு முதல் பராமரிப்பு வரை முழுமையான வழிகாட்டி

புதுக் கார் எடுக்கும்போது ஷோரூமில் நீட்டப்படும் துணைப்பொருள் பட்டியலில், பெயிண்ட் பாதுகாப்பு என்ற தலைப்பின் கீழ் டெஃப்ளான், செராமிக், கிராஃபீன், பிபிஎஃப் என்று நான்கைந்து பெயர்கள் வரிசையாக இருக்கும். விலை சில ஆயிரங்களில் தொடங்கி ஒரு லட்சத்தைத் தாண்டிப் போகும். இவையெல்லாம் ஒரே பொருளின் மலிவு வகையும் உயர்ந்த வகையும் என்று எண்ணிக்கொண்டு, கையில் இருக்கும் பணத்துக்கு ஏற்ப நடுவில் உள்ள ஒன்றைத் தேர்ந்தெடுப்பவர்களே அதிகம். பிபிஎஃப் (பெயிண்ட் புரொடெக்ஷன் ஃபிலிம்) என்பது ஒட்டும் தாள், மற்றவை தடவும் கோட்டிங்குகள். ஃபிலிம் செய்யும் வேலையைக் கோட்டிங் செய்யாது. கோட்டிங் தரும் வசதிக்காக ஃபிலிமுக்குப் பணம் கொடுக்கத் தேவையில்லை. தமிழ்நாட்டின் வெயிலிலும் கடற்காற்றிலும் போர் தண்ணீரிலும் ஓடும் ஒரு காரை மனத்தில் வைத்து, எதை எங்கே போடுவது, போடும்போது எதைக் கவனிப்பது, போட்ட பிறகு எப்படிப் பராமரிப்பது என்பதை வரிசையாகப் பார்க்கலாம்.

காக்க வேண்டியது எது?

காரின் தகரத்தின் மேல் பாஸ்பேட் பூச்சு, மின்முறையில் படியவைத்த துருத்தடுப்புப் பூச்சு, ப்ரைமர், நிறம் தரும் பேஸ் கோட், எல்லாவற்றுக்கும் மேலே நிறமற்ற கிளியர் கோட் என்று அடுக்குகள் இருக்கும். இத்தனையும் சேர்ந்து பெரும்பாலான கார்களில் 100 முதல் 150 மைக்ரான்தான் வரும் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). அதில் கிளியர் கோட்டின் பங்கு ஏறக்குறைய 35 முதல் 50 மைக்ரான், அதாவது தலைமுடியின் தடிமனைவிடக் குறைவு. பளபளப்பைத் தருவதும், புற ஊதாக் கதிரிலிருந்து நிறத்தைக் காப்பதும் இந்த மெல்லிய அடுக்குதான். ஒவ்வொரு முறை காம்பவுண்ட் என்னும் தேய்ப்புப் பசையைப் போட்டு மெஷின் பாலிஷ் செய்யும்போதும் இதிலிருந்து சில மைக்ரான் தேய்ந்து போகிறது. ஆகவே, "கீறல் விழுந்தால் பாலிஷ் போட்டுக்கொள்ளலாம்" என்பது ஒரு சில முறைக்கு மட்டுமே பொருந்தும்.

இந்த அடுக்கைக் கெடுப்பவற்றை இரண்டாகப் பிரித்துப் பார்த்தால் தேர்வு எளிதாகிவிடும். முதலாவது வகை, மோதிச் சிதைப்பவை: நெடுஞ்சாலையில் முன்னால் போகும் லாரியின் சக்கரத்திலிருந்து தெறிக்கும் ஜல்லி, பார்க்கிங்கில் பக்கத்துக் கார்க் கதவின் விளிம்பு, உரசிச் செல்லும் பைக்கின் கைப்பிடி ஆகியவை. இரண்டாவது வகை, படிந்து அரிப்பவை. காக்கை எச்சம் இதில் முதன்மையானது. எச்சத்தில் உள்ள யூரிக் அமிலம் ஒருபுறம் இருக்க, உச்சி வெயிலில் பானட் சூடேறி கிளியர் கோட் சற்றே இளகி விரிகிறது. மாலையில் குளிர்ந்து சுருங்கும்போது காய்ந்த எச்சத்தின் வடிவத்திலேயே இறுகிவிடுகிறது. எச்சத்தைக் கழுவிய பிறகும் மங்கலான தடம் தெரிவது இதனால்தான். தூங்குமூஞ்சி மரத்தடியில் நிறுத்தினால் மேலே உள்ள பூச்சிகள் சுரக்கும் பிசுபிசுப்பு பொட்டுப் பொட்டாக விழும். போர் தண்ணீரில் உள்ள கால்சியமும் மெக்னீசியமும், தண்ணீர் ஆவியான பிறகு வெள்ளை வட்டங்களாகத் தங்கிவிடும். இவற்றோடு, காலையில் ஒரு வாளித் தண்ணீரும் ஒரே துணியுமாகத் தெருவில் உள்ள கார்களையெல்லாம் துடைத்துக்கொண்டு போகும் பழக்கத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். துணியில் ஒட்டிய மணல்தான் வெயிலில் சிலந்தி வலைபோல் தெரியும் வட்டக் கீறல்களை உண்டாக்குகிறது.

ஃபிலிம் எதைத் தாங்கும், கோட்டிங் எதைத் தாங்கும்?

பிபிஎஃப் எனப்படுவது நிறமற்ற பாலியூரித்தேன் தாள். வியட்நாம் போர்க் காலத்தில் ஹெலிகாப்டர் இறக்கைகளை மணலும் கல்லும் அரிக்காமல் காக்க அமெரிக்க ராணுவம் பயன்படுத்திய ஒட்டுத்தாளின் வழிவந்தது இது. இன்றைய தாள்கள் பொதுவாக 150 முதல் 200 மைக்ரான் வரை தடிமன் கொண்டவை, அதாவது காரின் மொத்த பெயிண்டைவிடத் தடித்தவை. கல் வந்து மோதும்போது இழுபட்டு அந்த விசையை வாங்கிக்கொள்வது இந்தத் தடிமனும் நெகிழ்வும்தான். தாளின் மேலுறை, வெயில் அல்லது வெந்நீரின் சூடு பட்டால் மெல்லிய கீறல்களைத் தானே மூடிக்கொள்ளும். ஆனால் தாள் வரை இறங்கிய வெட்டு எந்தச் சூட்டிலும் ஆறாது.

செராமிக் கோட்டிங் என்பது சிலிக்கா சார்ந்த திரவம். பெயிண்டின் மேல் தடவியதும் காற்றின் ஈரத்தோடு வினைபுரிந்து, கண்ணாடி போன்ற மெல்லிய படலமாக இறுகும். அதன் தடிமன் பெரும்பாலும் ஒன்றிரண்டு மைக்ரான் மட்டுமே. தண்ணீர் முத்து முத்தாக உருண்டு ஓடுவது, அழுக்கு எளிதில் விடுபடுவது, எச்சமும் பிசினும் பெயிண்டைத் தொட சற்றுத் தாமதமாவது ஆகியவை இதன் உண்மையான பலன்கள். ஜல்லியை இது தடுக்காது. விளம்பரங்களில் வரும் '9எச்' என்ற அளவு, பென்சில் முனையைக் குறிப்பிட்ட எடையில் அழுத்தி இழுத்துப் பார்க்கும் சோதனையின் அளவு; கனிமங்களின் கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோலோடு அதற்குத் தொடர்பில்லை. 9எச் கோட்டிங் போட்ட காரிலும் மணல் ஒட்டிய துணி கீறும். கிராஃபீன் என்று விற்கப்படுபவையும் அடிப்படையில் இதே வகைக் கோட்டிங்குகள்தான். பெயருக்காகக் கூடுதலாகக் கொடுக்கும் பணத்துக்குத் தனியான காரணம் எதுவும் எனக்குத் தென்படவில்லை. டெஃப்ளானைப் பொறுத்தவரை, தோசைக்கல்லில் அது ஒட்டிக்கொள்ள 300 டிகிரிக்கு மேற்பட்ட சூடு தேவைப்படுகிறது. கார் பெயிண்டை அந்தச் சூட்டுக்கு உட்படுத்த முடியாது என்பதால், கையால் தேய்த்துப் போடும் அந்தப் பூச்சு சில மாதங்களில் கழுவுதலோடு போய்விடும் ஒரு பாலிமர் மெருகாக மட்டுமே இருக்கும்.

எங்கே எதைப் போடுவது?

சென்னையிலிருந்து செங்கல்பட்டு, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கமாகத் தினமும் லாரிகளுக்குப் பின்னால் போகிறவருக்கும், நகருக்குள்ளேயே ஓட்டி மூடிய பார்க்கிங்கில் நிறுத்துகிறவருக்கும் ஒரே பரிந்துரை பொருந்தாது. கல்லடியில் பெரும்பகுதியை வாங்குவது முன் பம்பர், பானட், முன் ஃபெண்டர்கள், சைடு மிரர், முகப்பு விளக்கு ஆகியவையே. நெடுஞ்சாலைக்காரர் இந்த முன்பகுதிக்கு மட்டும் நல்ல ஃபிலிம் ஒட்டி, மற்ற இடங்களுக்குக் கோட்டிங் போட்டுக்கொள்வதுதான் செலவுக்கு ஏற்ற ஏற்பாடு என்பது என் கருத்து. முகப்பு விளக்கின் பாலிகார்பனேட் மூடி வெயிலில் மஞ்சளாவதையும் ஃபிலிம் தள்ளிப்போடும். இவற்றோடு கதவு விளிம்பு, கைப்பிடிக்குப் பின்னால் நகம் படும் குழி, டிக்கியில் பெட்டி ஏற்றும் விளிம்பு, சக்கரத்தின் பின்னால் சேறும் கல்லும் படும் அடிப்பகுதி ஆகியவற்றுக்குத் துண்டுகளாக ஒட்டிக்கொள்வதற்குப் பெரிய செலவு ஆகாது.

முழு உடலுக்கும் ஃபிலிம் என்பது, எளிதில் கீறல் தெரியும் கருப்பு அல்லது அடர்நிறக் கார், நெருக்கமான தெருவில் நிறுத்தும் கட்டாயம், எட்டுப் பத்து ஆண்டுகள் வைத்திருக்கும் எண்ணம் ஆகியவை சேர்ந்தால் நியாயமான செலவு. வெள்ளைக் காரில் சிறு கீறல் அவ்வளவாகத் தெரியாது. ஆனால் தரமற்ற ஃபிலிம் மஞ்சளாவது வெள்ளையில்தான் முதலில் கண்ணில் படும். மூன்று ஆண்டுகளில் காரை மாற்றிவிடும் வழக்கமுள்ளவர் முழு ஃபிலிமுக்குப் போடும் பணம் மறுவிற்பனையில் திரும்பி வரும் என்று நம்பாமல் இருப்பது நல்லது. இருக்கும் பழைய காரில் ஏற்கனவே பெயிண்ட் உரிந்தோ கொப்புளித்தோ இருந்தால், அந்தப் பாகத்தைச் சரிசெய்யாமல் எதையும் மேலே போடக் கூடாது.

பொருளையும் கடையையும் தேர்ந்தெடுத்தல்

கடைக்காரரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, தாள் எந்தப் பொருளால் ஆனது என்பதாகும். டிபியு என்பது பாலியூரித்தேன். பாதி விலைக்குச் சொல்லப்படும் டிபிஎச் பெரும்பாலும் மென்மையாக்கிகள் கலந்த பிவிசியே. நம் வெயிலில் அந்த மென்மையாக்கிகள் வெளியேறியதும் தாள் விறைத்து, மஞ்சளாகி, உரிக்கும்போது பொடிப்பொடியாக உடையும். டிபியுவிலும் அலிஃபாட்டிக் வகையையே கேட்டு வாங்க வேண்டும். அரோமாட்டிக் வகை புற ஊதாக் கதிரில் விரைவாக மஞ்சளாகும்.

எல்லாக் கடைகளிலும் பித்தளை பிரஷ்ஷால் ஒரு மாதிரித் தாளைக் கீறி, வெந்நீர் ஊற்றிக் கீறல் மறைவதைக் காட்டுவார்கள். அது மேலுறையைப் பற்றி மட்டும் சொல்கிறது. அதைவிடப் பயனுள்ள சோதனை ஒன்றுண்டு. விரல் அகலத் துண்டு ஒன்றை வெட்டித் தரச் சொல்லி, பின்தாளை உரித்து, இரு கைகளாலும் நன்றாக இழுத்து விடுங்கள். டிபியு ரப்பரைப்போல் கிட்டத்தட்டப் பழைய நீளத்துக்குத் திரும்பிவரும். பிவிசி இழுத்தபடியே நீண்டு நிற்கும், சில சமயம் வெளுத்துப் போகும். தடிமனைச் சொல்லும்போது பின்தாளையும் சேர்த்துச் சொல்கிறார்களா என்றும் கேட்டுவிடுங்கள். 3எம், எக்ஸ்பெல், லூமார், சன்டெக் போன்ற வெளிநாட்டுப் பெயர்களோடு, மகாராஷ்டிரத்தில் ஆலை வைத்திருக்கும் கார்வேர் நிறுவனமும் இத்தாளை உள்நாட்டிலேயே தயாரிக்கிறது. எந்தப் பெயராக இருந்தாலும், பெட்டியிலிருந்து உங்கள் முன்னால் எடுக்கும் ரோலின் எண் பில்லிலும் வாரண்டி அட்டையிலும் இருக்க வேண்டும்.

வாரண்டியில் ஆண்டுகளை மட்டும் பார்ப்பது போதாது. மஞ்சளாதல், வெடித்தல், தானே உரிதல் ஆகியவற்றையே பெரும்பாலும் ஏற்பார்கள். கல் பட்டுக் கிழிந்ததை ஏற்க மாட்டார்கள். தயாரிப்பாளர் தரும் வாரண்டியும் கடை தரும் வாரண்டியும் வேறு வேறு. கடை மூடிவிட்டால் இரண்டாவது அதோடு போயிற்று. கோட்டிங் வாரண்டிகளில் ஆண்டுதோறும் கட்டணம் செலுத்திப் பராமரிப்புக்கு வர வேண்டும் என்ற நிபந்தனை சிறு எழுத்தில் இருக்கும். அந்தக் கட்டணங்களையும் கூட்டித்தான் விலையை ஒப்பிட வேண்டும். விபத்தில் பாகம் மாற்றினால் ஃபிலிமுக்கு இழப்பீடு உண்டா என்பதைக் காப்பீட்டு நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டுக்கொள்வதும், பில்லைப் பாகம் பாகமாகப் பிரித்து வாங்கி வைப்பதும் பின்னால் உதவும்.

நிறமற்ற ஃபிலிமுக்குப் பதிவுச் சான்றில் மாற்றம் தேவையில்லை. நிறம் மாற்றும் ஃபிலிம் என்றால், மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவை ஒட்டி ஆர்டிஓ அலுவலகத்தில் நிற மாற்றத்தைப் பதிய வேண்டியிருக்கும். இலவசமாகக் கண்ணாடிக்கும் கருப்பு ஃபிலிம் ஒட்டித் தருகிறோம் என்றால் மறுத்துவிடுங்கள். 2012-இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு அது வழக்குக்கும் அபராதத்துக்கும் உரிய விஷயமாக இருந்துவருகிறது.

வேலை நடக்கும் முறை

புதுக் காரானால் ஷோரூமிலிருந்து எடுத்த சில நாட்களுக்குள், அதுவும் ஷோரூமின் இலவச பாலிஷையும் துடைப்பையும் வேண்டாம் என்று எழுதிக்கொடுத்துவிட்டு, நேரே இந்த வேலையைச் செய்யும் ஸ்டூடியோவுக்குக் கொண்டுபோவது சிறந்தது. புதுக் கார் என்பதால் பெயிண்ட் குறையற்றது என்று கொள்ள முடியாது. யார்டில் நின்ற நாட்களில் படிந்த இரும்புத் துகளும் அவசரத் துடைப்பின் வட்டக் கீறலும் இருக்கும். முதலில் பெயிண்ட் தடிமன் அளக்கும் கருவியால் ஒவ்வொரு பாகத்தையும் அளந்து எழுதச் சொல்லுங்கள். ஒரு கதவு மட்டும் மற்றவற்றைவிட இரண்டு மடங்கு காட்டினால் அது மறுபெயிண்ட் செய்யப்பட்டது. பிளாஸ்டிக் பம்பரில் சாதாரணக் கருவி வேலை செய்யாது. மறுபெயிண்ட் செய்த பாகத்தில் கரைப்பான் முழுவதும் வெளியேற, பெயிண்ட் கடைக்காரர் சொல்லும் காலம் வரை, பொதுவாக ஒரு மாதமாவது, காத்திருக்க வேண்டும்.

அடுத்தது தயாரிப்பு. கொடுக்கும் கூலியின் பெரும்பகுதி உண்மையில் இதற்குத்தான். நுரை போட்டுக் கழுவி, ஒட்டியிருக்கும் ரோட்டுத் தாரை அதற்குரிய கரைப்பானால் நீக்கி, இரும்புத் துகளுக்கான திரவத்தைத் தெளிப்பார்கள். துகள் உள்ள இடமெல்லாம் ஊதா நிறமாக வடியும். பிறகு களிமண் போன்ற கிளே கட்டியை வழுவழுப்புத் திரவத்தோடு தேய்ப்பார்கள். பாலித்தீன் பைக்குள் விரலை விட்டுப் பெயிண்டைத் தடவிப் பாருங்கள். வெறும் விரலுக்குத் தெரியாத சொரசொரப்பு அதில் தெரியும். கிளே போட்ட இடம் கண்ணாடிபோல் வழுக்க வேண்டும். அதன் பின் தேவைக்கு மட்டும் மெஷின் பாலிஷ், கடைசியாக ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் கலந்த திரவத்தால் எண்ணெய்ப் பசை நீக்கம். கோட்டிங் போட்டால் கீறல் மறைந்துவிடும் என்பது தவறு; பாலிஷில் போகாத கீறல் கோட்டிங்குக்குக் கீழே அப்படியே இருக்கும்.

ஃபிலிம் ஒட்டும்போது, ஓரிரு துளி பேபி ஷாம்பு கலந்த தண்ணீரைப் பெயிண்டிலும் தாளின் பசைப்பக்கத்திலும் தாராளமாகத் தெளித்து, தாளை மிதக்கவிட்டு இடம் சேர்த்து, நடுவிலிருந்து ஓரம் நோக்கி ஸ்க்வீஜி என்னும் வழிப்புத் தகட்டால் தண்ணீரைத் தள்ளுவார்கள். கம்ப்யூட்டர் வடிவத்தில் முன்கூட்டியே வெட்டிய தாள் என்றால் காரின் மேல் பிளேடு படாது, ஆனால் ஓரத்தில் ஒரு மில்லிமீட்டர் அளவு பெயிண்ட் வெளியே தெரியலாம். ரோலிலிருந்து நேரே போட்டு ஓரத்தை உள்ளே மடித்தால் அழகாக இருக்கும். அதற்கு விளக்கு, கைப்பிடி, சின்னம் ஆகியவற்றைக் கழற்ற வேண்டியிருக்கும், பிளேடு கைதவறினால் பெயிண்டையே கீறும். எதைக் கழற்றுவார்கள், எங்கே வெட்டுவார்கள் என்று முன்னதாகவே கேளுங்கள். பார்க்கிங் சென்சார்களையும் முன்புற ரேடாரையும் தாள் மறைக்காமல் இருக்க வேண்டும்.

கோட்டிங்கைச் சிறு சதுரமாக, குறுக்கும் நெடுக்குமாகத் தடவி, வானவில் நிறம் தோன்றியதும் மைக்ரோஃபைபர் துணியால் துடைத்தெடுக்க வேண்டும். நம் கடலோர ஊர்களின் ஈரக்காற்றில் அது விரைவாக இறுகிவிடுவதால், திறந்த ஷெட்டில் செய்யும் வேலையில் துடைக்கத் தவறிய திட்டுகள் கருமையாக நின்றுவிடும். அவற்றைப் பாலிஷ் போட்டுத்தான் எடுக்க முடியும். ஏசி அறை உள்ள ஸ்டூடியோவுக்குக் கூடுதல் கூலி கொடுப்பதில் இந்த நியாயம் இருக்கிறது. இரண்டும் போடுவதானால் ஃபிலிம் முதலில், கோட்டிங் அதன் மேல். கோட்டிங் போட்ட பரப்பில் ஃபிலிமின் பசை சரியாகப் பிடிக்காது.

காரைத் திரும்ப வாங்கும்போது

இரவில், கடை விளக்கின் பளபளப்பில் காரை வாங்காதீர்கள். பகலில் வெயிலிலும் நிழலிலும் நிறுத்தி, பக்கவாட்டிலிருந்து பாருங்கள். ஃபிலிமுக்குக் கீழே பால்போல் மங்கலாகத் தெரியும் தண்ணீர்த் திட்டுகள் ஒன்றிரண்டு வாரத்தில் காய்ந்து மறையும். அவற்றுக்காகச் சண்டை போட வேண்டியதில்லை. நடுவில் புள்ளியுடன் கூடாரம்போல் நிற்பது தூசி, கோடாக நிற்பது மடிப்பு. இவை தாமாகப் போகாது, அன்றே மாற்றித் தரக் கேட்க வேண்டும். பம்பரின் வளைவுகளிலும் மிரரின் விளிம்பிலும் தாள் தூக்கி நிற்கிறதா என்று நகத்தால் நெம்பாமல் கண்ணால் பாருங்கள். கோட்டிங் போட்டிருந்தால் முதல் நாள் தண்ணீர் படக் கூடாது. ஒரு வாரத்துக்கு ஷாம்பு வேண்டாம். ஃபிலிமுக்கும் முதல் வாரம் பிரஷர் வாஷ் ஆகாது.

பராமரிப்பு

அடுக்குமாடிக் குடியிருப்புகளில் ஆர்ஓ இயந்திரம் வெளியேற்றும் தண்ணீரைச் சேமித்துக் கார் கழுவும் வழக்கம் பரவலாக உள்ளது. சிக்கனம் பாராட்டத்தக்கது, ஆனால் அந்தத் தண்ணீரில் உப்பு மூலத் தண்ணீரைவிடச் செறிந்திருக்கும். அதைத் தரை கழுவ வைத்துக்கொண்டு, காருக்குக் கிடைப்பதில் மென்மையான தண்ணீரைப் பயன்படுத்துங்கள். கடைசி அலசலுக்கு, ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரைத் துணியில் வடிகட்டி எடுத்தால் அதில் தாது உப்பு மிகக் குறைவு, கறை விழாது. எந்தத் தண்ணீரானாலும் வெயிலில், சூடான பானட்டில் ஊற்றக் கூடாது. செராமிக் போட்ட காரில் தண்ணீர் முத்தாக நிற்பது பார்க்க அழகு. அது அங்கேயே காய்ந்தால் ஒவ்வொரு முத்தும் ஒரு வெள்ளை வட்டம். உடனே துடைத்துவிட வேண்டும். புதிய வட்டங்கள் வெள்ளை வினிகரில் சம அளவு தண்ணீர் கலந்து துடைத்து அலசினால் போகும். பழையவை பாலிஷ் கேட்கும்.

முதலில் தண்ணீரால் மணலை ஓடவிட்டு, பிறகு ஷாம்பு ஒரு வாளி, கையுறையை அலச ஒரு வாளி என்று இரண்டாக வைத்துக்கொண்டு, மேலிருந்து கீழாகக் கழுவுவதே முறை. தினமும் துடைக்க ஆள் வைத்திருப்பவர்கள், கண்ணாடியை மட்டும் துடைக்கச் சொல்லி, வாரம் ஒரு முறை முழுவதும் கழுவச் சொன்னால் பெயிண்டுக்கு நல்லது. பிரஷர் வாஷ் குழலை ஃபிலிமின் ஓரத்துக்கு நேராகப் பிடித்தால் தாள் தூக்கிக்கொள்ளும். ஓரடிக்கு மேல் தள்ளி, சாய்வாகப் பிடிக்க வேண்டும். காக்கை எச்சத்தைக் காய்ந்த நிலையில் சுரண்டாமல், ஈரத் துணியை மேலே சில நிமிடம் போட்டு ஊறவிட்டு ஒற்றி எடுங்கள். ஆயுத பூஜையன்று பானட்டில் மஞ்சளும் குங்குமமும் நேரே வைத்தால் ஃபிலிமில் கறை இறங்கக்கூடும், மாலையைக் கட்டும் கம்பியும் காற்றில் உராயும். பொட்டைக் கண்ணாடியில் வைத்து, மாலையை நூலால் கட்டினால் பூஜைக்கும் குறையில்லை, காருக்கும் கேடில்லை.

ஃபிலிமைக் கழற்றும் நேரம்

ஓரங்கள் மஞ்சளாகி, மேலுறை மங்கி, நுண்ணிய வெடிப்புகள் தெரியத் தொடங்கினால், வாரண்டி மிச்சமிருந்தாலும் இல்லாவிட்டாலும் தாளைக் கழற்றிவிடுவதே சரி. தள்ளிப்போடப் போடப் பசை பெயிண்டோடு இறுகும். ஹீட் கன் அல்லது நீராவியால் மிதமாகச் சூடேற்றி, ஓரத்தைப் பிடித்துப் பெயிண்டை ஒட்டிய தாழ்ந்த கோணத்தில், பின்னோக்கி மெதுவாக இழுக்க வேண்டும். மேல்நோக்கி வெடுக்கென்று இழுத்தால், மறுபெயிண்ட் செய்த பாகங்களில் பெயிண்டும் சேர்ந்து வரும் வாய்ப்பு உண்டு. அதனால்தான் முதல் நாள் எழுதிவைத்த தடிமன் அளவுகளை இந்த நேரத்தில் எடுத்துக் கொடுக்க வேண்டும். எந்தக் கதவில் கை நிதானமாகப் போக வேண்டும் என்பதை வேலைக்காரர் அதைப் பார்த்துத் தெரிந்துகொள்வார். தங்கிய பசையைப் பிளேடால் சுரண்டாமல், சிட்ரஸ் வகைப் பசைநீக்கியை ஊறவிட்டு மைக்ரோஃபைபர் துணியால் துடைத்தெடுத்து, ஒரு முறை கழுவிய பிறகே அடுத்த தாளுக்கு அளவெடுக்க வேண்டும்.